தேர்தல் நாளில் மட்டும் அகலத் திறந்த சாவடி

இஸ்ரேலிய ஆக்கிரமிப்பில் உள்ள மேற்குக் கரையின் பாலஸ்தீன நகரமான நாப்லுஸின் தெற்கு வாசல் ஹுவாரா. இரண்டாவது இன்டிஃபாதா என்ற பாலஸ்தீன எழுச்சியின் ஆண்டுகளில் அந்த நகரத்திலிருந்து ரமல்லாவுக்கோ ஜெருசலேம் பக்கமோ போக வேண்டியவர்கள் டாக்சியில் இஸ்ரேலிய ராணுவத்தின் சோதனைச் சாவடிவரை வந்து இறங்குவார்கள். அங்கே கூரை போட்ட ஒரு நீண்ட கொட்டகை. அதன் கோடியில் ஆள் உயரத்தையும் தாண்டிய இரும்புச் சுழல்கதவுகள். ஒருவர் உள்ளே நுழைந்ததும் கம்பிகள் சுழன்று அடுத்தவரை அடைத்துவிடும். அதைத் திறப்பதும் பூட்டுவதும் அப்பால் நிற்கும் இஸ்ரேலியச் சிப்பாயின் விருப்பம். பையைத் திறந்து காட்டி, சட்டையைத் தூக்கி இடுப்பைக் காட்டி, அடையாள அட்டையை நீட்டி, மறுபக்கம் போய் வேறு டாக்சி பிடிக்க வேண்டும். பெண்களுக்கும் முதியவர்களுக்கும் ஓரமாகத் தனி வரிசை உண்டு. அதை 'மனிதாபிமான வரிசை' என்று அழைத்தார்கள். 16 முதல் 35 வயதுவரையுள்ள ஆண்கள் நகரத்தைவிட்டு வெளியேறவே கூடாது என்ற தடை திடீரென்று வரும், திடீரென்று போகும். எத்தனை நாளைக்கு என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

அந்தக் கொட்டகையின் ஓரத்தில் கையில் நோட்டுப் புத்தகத்தோடு இரண்டு மூன்று பெண்கள் நிற்பார்கள். பெரும்பாலும் ஐம்பதைக் கடந்தவர்கள். சட்டையில் திறந்த கண் ஒன்றின் படம் போட்ட வில்லை குத்தியிருக்கும். அவர்களும் இஸ்ரேலியர்கள்தான். துப்பாக்கியோடு நிற்கும் பையன்களின் தாயாகவோ பாட்டியாகவோ இருக்கக்கூடிய வயது அவர்களுக்கு. 2001-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஜெருசலேமில் மூன்று பெண்கள் சேர்ந்து தொடங்கிய 'மக்ஸோம் வாட்ச்' என்ற அமைப்பைச் சேர்ந்தவர்கள். சில ஆண்டுகளில் உறுப்பினர் எண்ணிக்கை நூற்றுக்கணக்கில் உயர்ந்தது. ஆண்களைச் சேர்ப்பதில்லை. காலை முறை, மாலை முறை என்று பிரித்துக்கொண்டு ஹுவாரா, பெய்த் இபா, கலந்தியா, பெத்லகேம் சாவடிகளுக்குப் போவார்கள். கண்டதை எழுதி வெளியிடுவார்கள்.

'மக்ஸோம்' என்பது தடுப்பு, சாவடி என்று பொருள்படும் எபிரேயச் சொல். பாலஸ்தீனர்கள் அதைத் தங்கள் பேச்சு அரபியில் 'மஹ்ஸூம்' என்று எடுத்துக்கொண்டு, அரபி இலக்கணப்படி 'மஹாஸீம்' என்று பன்மையும் ஆக்கிவிட்டார்கள். சாவடிக்கு 'ஹாஜிஸ்' என்ற சொந்தச் சொல் அரபியில் இருக்கிறது. இருந்தும் தடுப்பவனின் சொல்லே தடுக்கப்பட்டவனின் நாவில் குடியேறியது. அந்தச் சாவடிகள் மக்கள் வாழ்வுக்குள் எவ்வளவு ஆழமாக இறங்கின என்பதை அறிய இந்த ஒரு சொல்லின் பயணம் போதும் என்று எனக்குத் தோன்றுகிறது.

இந்தப் பெண்கள் தேர்தல் பார்வையாளர்கள் அல்லர். எந்தத் தேர்தல் ஆணையமும் அவர்களுக்கு அடையாள அட்டை தரவில்லை. ஆனால் 2005 ஜனவரி 9, 2006 ஜனவரி 25 ஆகிய இரண்டு நாள்களும் பாலஸ்தீனத் தேர்தல் நாள்களாக இருந்தன. அந்த நாள்களில் வாக்குச்சாவடி எவ்வளவு முக்கியமோ, அதற்குப் போகிற வழியில் நிற்கும் சோதனைச் சாவடியும் அவ்வளவு முக்கியம். அந்த வழியைப் பார்த்து எழுதும் வேலைக்கு இவர்களைவிடப் பழகியவர்கள் யாரும் இல்லை.

முதலில் அந்தத் தேர்தல்களின் பின்னணி. 1996 ஜனவரி 20 அன்று பாலஸ்தீனர்கள் முதல்முறையாகத் தங்கள் தலைவரையும் சட்டமன்றத்தையும் தேர்ந்தெடுத்தார்கள். யாசர் அராஃபத் வென்றார். அடுத்த தேர்தல் பல ஆண்டுகள் தள்ளிப்போனது. 2004 நவம்பர் 11 அன்று அராஃபத் இறந்தார். அறுபது நாளுக்குள் புதிய தலைவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது பாலஸ்தீன அடிப்படைச் சட்டம். அப்படி வந்ததுதான் 2005 ஜனவரி 9 தேர்தல். இரண்டாவது இன்டிஃபாதா இன்னும் ஓய்ந்திருக்கவில்லை. மேற்குக் கரை முழுவதும் சாவடிகள், மண்மேடுகள், கான்கிரீட் கட்டைகள், அகழிகள், பூட்டிய இரும்புக் கதவுகள். 2004 நவம்பரில் இவற்றின் எண்ணிக்கை 700-ஐத் தாண்டியிருந்ததாக ஐ.நா.வின் மனிதாபிமான ஒருங்கிணைப்பு அலுவலகம் பதிவு செய்திருக்கிறது. இவற்றில் பெரும்பாலானவை இஸ்ரேலுக்கும் மேற்குக் கரைக்கும் நடுவில் உள்ள எல்லையில் இல்லை. ஒரு பாலஸ்தீன ஊருக்கும் அடுத்த பாலஸ்தீன ஊருக்கும் நடுவில் இருந்தன. ஆகவே பாதிக்கப்பட்டது இஸ்ரேலுக்குள் வேலைக்குப் போகிறவர்கள் மட்டும் இல்லை. பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போகும் ஆசிரியை, பல்கலைக்கழகத்துக்குப் போகும் மாணவன், பிரசவத்துக்குப் போகும் பெண் எல்லோரும் அதில் அடக்கம். தேர்தல் நாளில் வாக்காளரும் இந்த வரிசையில் சேர்ந்துகொள்கிறார்.

வாக்காளர் தன் பெயர் பதிவான ஊரில்தான் வாக்களிக்க வேண்டும். படிக்கும் இடம், வேலை பார்க்கும் இடம் வேறாக இருந்தால், ஊருக்குப் போகும் வழியில் எத்தனை சாவடிகள் என்ற கணக்கு உடனே எழுகிறது. வேட்பாளருக்கும் இதே கணக்குதான். அந்தத் தேர்தலில் வென்ற ஃபத்தா இயக்க வேட்பாளர் மஹ்மூத் அப்பாஸுக்கு எதிராகப் போட்டியிட்டவர்களில் முதன்மையானவரான மருத்துவர் முஸ்தஃபா பர்கூத்தி, வாக்குப்பதிவுக்கு இரண்டு நாள் முன்னால் ஜெருசலேமில் பிரசாரத்துக்கு வந்தபோது இஸ்ரேலியப் போலீசாரால் பிடித்து வைக்கப்பட்டார். வாக்காளர் பட்டியல் தயாரிப்பிலும் இதே தடைதான். 2004 செப்டம்பரில் கிழக்கு ஜெருசலேமில் வாக்காளர் பதிவு மையங்களை இஸ்ரேலியப் போலீசார் மூடினார்கள்.

வாக்குப்பதிவுக்கு முன் இஸ்ரேலிய அரசு சில வாக்குறுதிகளைத் தந்தது. பாலஸ்தீன நகரங்களிலிருந்து 72 மணி நேரத்துக்குப் படைகள் வெளியே இழுத்துக்கொள்ளப்படும், சாவடிகளில் தேர்தல் ஊழியரும் வாக்காளரும் தடையின்றிப் போக வழிவிடப்படும் என்றது. உலகம் முழுவதும் இருந்து பார்வையாளர்கள் வந்திறங்கினார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் குழுவுக்கு முன்னாள் பிரெஞ்சுப் பிரதமர் மிஷேல் ரொக்கார் தலைமை தாங்கினார். அமெரிக்க முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டரும் ஸ்வீடனின் முன்னாள் பிரதமர் கார்ல் பில்ட்டும் இன்னொரு குழுவை வழிநடத்தினார்கள். அந்த நாளில் பயணம் வழக்கத்தைவிட எளிதாக இருந்தது, ஆனால் தடைகள் முழுமையாக நீங்கவில்லை என்பதே பொதுவாக வந்த மதிப்பீடு.

அந்த மதிப்பீட்டில் பொய் இல்லை. ஆனால் 'வழக்கத்தைவிட' என்ற சொல்லைச் சற்று நின்று பார்க்க வேண்டும். சில வாரங்களுக்கென்று வெளிநாட்டிலிருந்து வந்தவருக்கு வழக்கம் என்னவென்று எப்படித் தெரியும்? அவர் வந்த வண்டியில் கொடி பறந்தது, கையில் கடிதம் இருந்தது, சாவடியில் அவருக்கு வழி கிடைத்தது. வரிசை சிறியதாக இருப்பதை அவர் பார்க்கலாம். நேற்று அதே நேரத்தில் அங்கே எத்தனை பேர் நின்றார்கள் என்பதை அவரால் பார்க்க முடியாது. நோட்டுப் புத்தகத்தோடு நிற்கும் பெண்ணால் அது முடியும். போன ஞாயிற்றுக்கிழமை காலை ஆறே முக்காலுக்கு ஹுவாராவில் வரிசை எதுவரை நீண்டது, எத்தனை இளைஞர்களை ஓரமாக உட்கார வைத்திருந்தார்கள், அவர்களில் கடைசி ஆள் எத்தனை மணிக்கு விடப்பட்டான் என்பதெல்லாம் அவர் புத்தகத்தில் இருக்கும்.

அந்த நோட்டுப் புத்தகத்தில் என்ன எழுதுகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். தேதி, இடம், நேரம். காத்திருக்கும் கார்கள் எத்தனை, அந்தக் கார்களில் ஒன்றைச் சோதிக்க எத்தனை நிமிடம். எத்தனை தடங்கள் திறந்திருக்கின்றன. தடுத்து வைக்கப்பட்டவர்கள் எத்தனை பேர், என்ன காரணம் சொல்லப்பட்டது. அடையாள அட்டை எண்ணைச் சிப்பாய் தொலைபேசியில் பாதுகாப்புத் துறைக்குப் படித்துக் காட்டுவான். பதில் வரும்வரை அட்டைக்காரர் உட்கார வேண்டும். அந்த எண் பட்டியலில் சிக்கினால் 'பிங்கோ' என்பார்கள். இந்தச் சொல்லும் அந்தப் பெண்களின் அறிக்கைகளில் அப்படியே இருக்கிறது. ஒருவர் மூன்று மணி நேரமாக உட்கார்ந்திருந்தால், பெண்களில் ஒருவர் ராணுவத்தின் ஒருங்கிணைப்பு அலுவலகத்துக்குப் போன் செய்வார். சில நாள் அட்டை திரும்பக் கிடைக்கும். பல நாள் கிடைக்காது. போன் செய்ததையும் எழுதுவார்கள், பலன் இல்லாததையும் எழுதுவார்கள். கோபமூட்டும் பெயரடைகள் இல்லாத, சலிப்பூட்டும் அளவுக்கு ஒரே மாதிரியான பதிவுகள். அவற்றின் வலிமை அந்த ஒரே மாதிரித்தன்மையில்தான் இருக்கிறது. ஒருநாள் மாறினால் மாற்றம் பளிச்சென்று தெரியும்.

2004 நவம்பரில், அதாவது அந்தத் தேர்தலுக்கு இரண்டு மாதம் முன்பு, பெய்த் இபா சாவடியில் ஓர் இளைஞர் சிப்பாய்களின் முன் வயலின் வாசிக்கும் காட்சியை இந்த அமைப்பின் பெண் ஒருவர் வீடியோவில் பதிவு செய்தார். அது இஸ்ரேல் முழுவதும் பெரும் கொந்தளிப்பை உண்டாக்கியது. நாஜி முகாம்களில் யூத இசைக் கலைஞர்கள் வாசிக்க வைக்கப்பட்ட நினைவு அங்கே பலரது குடும்பங்களில் இன்னும் ஆறாத புண். அந்த ஒரு காட்சி ஆயிரம் அறிக்கைகள் செய்யாததைச் செய்தது உண்மை. ஆனால் ஆண்டுக்கணக்கில் காலையிலும் மாலையிலும் யாரும் அங்கே போய் நிற்காமல் இருந்திருந்தால் அந்தக் காட்சியும் பதிவாகியிருக்காது.

இந்தப் பெண்களுக்கு ஓர் எல்லை உண்டு. பாலஸ்தீன நகரங்கள் 'ஏ பகுதி' என்ற வகைப்பாட்டில் வருகின்றன. 2000 அக்டோபர் முதல் இஸ்ரேலியக் குடிமக்கள் அங்கே நுழைய ராணுவ உத்தரவு தடை விதித்திருக்கிறது. ஆகவே நாப்லுஸுக்குள் வாக்குப்பெட்டி எப்படி இருந்தது, எண்ணிக்கை எப்படி நடந்தது என்பதை ஹுவாராவில் நிற்கும் பெண் பார்க்க முடியாது. வெளிநாட்டுப் பார்வையாளர் உள்ளே போகிறார், பெட்டியின் முத்திரையைப் பார்க்கிறார், மறைவிடம் இருக்கிறதா என்று பார்க்கிறார். வழியை ஜன்னல் வழியாகப் பார்க்கிறார். இந்தப் பெண்கள் வழியை மட்டுமே பார்க்கிறார்கள். இரண்டு பார்வைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் அந்த நாள் முழுமையாகத் தெரியும்.

வேறு தன்னார்வலர்களும் இருந்தார்கள். உலகத் திருச்சபைகள் மன்றம் 2002-இல் தொடங்கிய உடனிருப்புத் திட்டத்தின்கீழ் பல நாட்டவர் மூன்று மூன்று மாதமாக வந்து பெத்லகேம், ஹெப்ரான் போன்ற இடங்களில் தங்கிச் சாவடிகளில் நிற்கிறார்கள். ஹெப்ரானில் 1994-இல் யூதக் குடியேறி ஒருவர் மசூதியில் தொழுதவர்களைச் சுட்டுக் கொன்ற படுகொலைக்குப் பிறகு இரு தரப்பும் ஒப்புக்கொண்டு அமைக்கப்பட்ட சர்வதேசக் கண்காணிப்புக் குழு ஒன்றும் இருந்தது. அது எழுதிய அறிக்கைகள் இரு தரப்புக்கும் குழுவில் இருந்த நாடுகளுக்கும் மட்டுமே போயின, மக்கள் பார்வைக்கு வரவில்லை. 2019-இல் இஸ்ரேலியப் பிரதமர் நெதன்யாகு அதன் காலத்தை நீட்டிக்க மறுத்துவிட்டார். பார்த்ததை எல்லோரும் படிக்கும்படி வைத்த தன்னார்வலர்களின் பதிவுகள் இன்றும் கிடைக்கின்றன. அதிகாரத்தோடு பார்த்தவர்களின் பதிவுகள் அலமாரிகளில் இருக்கின்றன.

கிழக்கு ஜெருசலேமில் நடந்தது தனிக் கதை. இஸ்ரேலும் பாலஸ்தீன விடுதலை இயக்கமும் செய்த 1995 ஓஸ்லோ இடைக்கால ஒப்பந்தத்தின்படி, அங்குள்ள பாலஸ்தீனர்களில் ஒரு பகுதியினர் ஐந்து தபால் நிலையங்கள் மூலம் வாக்களிக்கலாம்: சலாஹுத்தீன் தெரு, யாஃபா வாயில், ஷுவஃபாத், பெய்த் ஹனினா, ஒலிவ மலை. ஜெருசலேம் முழுவதும் தன் தலைநகரம் என்று இஸ்ரேல் சொல்கிறது. அங்கே வேறொரு அரசியல் அமைப்பின் தேர்தல் நடப்பதாக ஒப்புக்கொண்டால் அந்தக் கோரிக்கை ஆட்டம் காணும். ஆகவே வாக்களிப்பதை வெளியூருக்குத் தபால் அனுப்புவதுபோல ஆக்கினார்கள். இஸ்ரேலியத் தபால் ஊழியர் கவுன்டரில் வாக்குச்சீட்டைத் தருவார். வாக்காளர் குறியிட்டுப் போடுவார். எண்ணிக்கை நகருக்கு வெளியே நடக்கும்.

அந்தக் கவுன்டரின் முன் நிற்கும் ஒருவரை நினைத்துப் பாருங்கள். கையில் நீல நிற அடையாள அட்டை. அது அவருக்கு ஜெருசலேமில் வசிக்கும் உரிமையைத் தருகிறது, குடியுரிமையைத் தருவதில்லை. மருத்துவக் காப்பீடும் வீடும் பிள்ளைகளின் பள்ளியும் அந்த அட்டையை நம்பித்தான். அந்த உரிமையைப் பறிக்கும் அதிகாரம் உள்ள அரசின் ஊழியரிடம் அதே அட்டையைக் காட்டி, பாலஸ்தீனத் தேர்தலில் வாக்களிக்க வேண்டும். அட்டை பறிபோகுமோ என்ற பேச்சு அப்போது நகரம் முழுவதும் இருந்தது. வாசலில் போலீசார் நின்றார்கள். அவருக்கு அந்தத் தபால் நிலையமும் ஒரு சாவடிதான்.

அப்படி நகருக்குள் வாக்களிக்க இடம் கிடைத்தவர்கள் சுமார் 6,000 பேர் மட்டுமே. தகுதியுள்ள மற்ற ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் நகர எல்லைக்கு வெளியே அபூ தீஸ், அல்-ராம் போன்ற ஊர்களுக்குப் போக வேண்டும். அதாவது கலந்தியா போன்ற சாவடிகளையும் அப்போது இஸ்ரேல் எழுப்பிக்கொண்டிருந்த பிரிப்புச் சுவரையும் கடந்து. 2005-இல் தபால் நிலையங்களில் பட்டியல் குழப்பம் ஏற்பட்டுப் பலர் பெயரில்லை என்று நின்றபோது கார்ட்டர் நேரில் தலையிட வேண்டியிருந்தது. முன்னாள் அமெரிக்க அதிபர் ஒருவர் தபால் நிலையத்தில் நின்று பேசினால்தான் ஒரு மூதாட்டி வாக்களிக்க முடியும் என்ற நிலையைத் தேர்தல் வெற்றி என்று கொண்டாட எனக்கு மனம் வரவில்லை.

சாவடிகளைப் பற்றிய துல்லியமான பதிவு ஏன் தேவை என்பதற்கு அன்று மாலையே ஒரு காரணம் பிறந்தது. மாலை 7 மணிக்கு முடிய வேண்டிய வாக்குப்பதிவைப் பாலஸ்தீன மத்தியத் தேர்தல் ஆணையம் 9 மணிவரை நீட்டித்தது. பெயர் பதிவான ஊரில்தான் வாக்களிக்க வேண்டும் என்ற விதியையும் தளர்த்தியது. சாவடிகளால் மக்கள் வரத் தாமதமாகிறது என்பது வெளியே சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. சில நாள் கழித்து ஆணையத்தின் ஊழியர்கள் 46 பேர் பதவி விலகினார்கள். வாக்குப்பதிவைக் கூட்டிக்காட்டுவதற்காக அதிகாரத்தில் இருந்தவர்கள் தங்களை நெருக்கியதாகச் சொன்னார்கள். அப்பாஸின் வெற்றி அதனால் மாறியிருக்காது. அவர் 62 விழுக்காட்டுக்கு மேல் பெற்றார், பர்கூத்தி 19 விழுக்காட்டுக்குச் சற்று மேல். ஆனால் கேள்வி நிற்கிறது. சாவடி உண்மையில் வாக்காளரைத் தடுத்ததா, அல்லது கூட்டம் வராததற்குச் சாவடி ஒரு சௌகரியமான காரணமாகப் பயன்பட்டதா? இரண்டுமே நடந்திருக்கலாம். எந்தச் சாவடியில், எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் என்ற விவரம் உள்ளவரால் மட்டுமே இதைப் பிரித்துச் சொல்ல முடியும். 'இன்று யாரும் தடுக்கப்படவில்லை' என்ற ஒற்றை வரிக்குக்கூட இங்கே மதிப்பு இருக்கிறது. ஆக்கிரமிப்பை எதிர்க்கும் ஒருவர் ஆக்கிரமிப்பாளருக்குச் சாதகமான அந்த வரியையும் மறைக்காமல் எழுதும்போது, அவருடைய மற்ற வரிகளும் நம்பத் தகுந்தவை ஆகின்றன.

சாவடியில் நிற்பதைப் பற்றி விமர்சனங்கள் உண்டு. ஒதுக்கித்தள்ள முடியாதவை. வரிசையில் நிற்கும் பாலஸ்தீனர் ஒருவர், 'நீங்கள் வருகிறீர்கள், பார்க்கிறீர்கள், பிறகு?' என்று கேட்டால் என்ன சொல்வது? ஒரு போன் செய்து ஒருவரை விடுவிக்கும்போது, சாவடி என்ற ஏற்பாட்டைச் சற்று மென்மையாக்கி நிலைக்க வைக்கிறோமா என்று அந்தப் பெண்களே தங்களுக்குள் ஆண்டுக்கணக்கில் வாதிட்டிருக்கிறார்கள். கண்ணெதிரே காய்ச்சலோடு அழும் குழந்தையை வைத்துக்கொண்டு நிற்கும் தாயிடம் 'நான் பார்வையாளர் மட்டுமே' என்று சொல்ல முடியாது என்பது ஒரு பக்கம். ராணுவமே 'மனிதாபிமான' அதிகாரி என்று ஒருவரைச் சாவடியில் நிறுத்திவிட்டு, இனி குறை இல்லை என்று சொல்லத் தொடங்கியது இன்னொரு பக்கம். இந்த வாதத்துக்கு முடிவு கிடைத்ததாக எனக்குத் தெரியவில்லை. உதவிக்கு நீட்டும் கையைவிட எழுதும் கை நெடுங்காலம் பயன்படும் என்பதே என் எண்ணம். ஆனால் அதை அந்த வரிசையில் நிற்பவரிடம் சொல்லும் துணிவு எனக்கு இல்லை.

அடுத்த ஆண்டு சட்டமன்றத் தேர்தல் வந்தது. காஸாவிலிருந்து இஸ்ரேலியக் குடியேற்றங்கள் 2005-இல் அகற்றப்பட்டிருந்தன. மேற்குக் கரையின் தடைகள் அந்த ஆகஸ்டில் 376 ஆகக் குறைந்திருந்தன. பிரதமர் ஷரோன் ஜனவரி 4 அன்று பக்கவாதத்தில் விழுந்தார். பொறுப்பேற்ற எஹுத் ஓல்மர்ட்டின் அமைச்சரவை, ஹமாஸ் ஜெருசலேமில் பிரசாரம் செய்யக் கூடாது என்ற நிபந்தனையோடு, அங்குள்ள தபால் நிலையங்களில் வாக்குப்பதிவுக்கு ஒப்புதல் தந்தது. ஜனவரி 25 அன்று சுமார் 77 விழுக்காட்டினர் வாக்களித்தார்கள். 132 இடங்களில் ஹமாஸ் 74-ஐயும் ஃபத்தா 45-ஐயும் வென்றன. சாவடிகள் அன்றும் தளர்ந்தே இருந்தன. ஆனால் அந்த மாதக் கணக்கெடுப்பிலேயே தடைகளின் எண்ணிக்கை மீண்டும் 471 ஆகியிருந்தது. செப்டம்பரில் 528.

இந்த எண்களைத் தேர்தல் நாளின் தளர்வோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒரு சாவடி பாதுகாப்புக்கு இன்றியமையாதது என்று சொல்லப்படுகிறது. உலகம் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருநாள் அது தளர்த்தப்படுகிறது. ஆயிரக்கணக்கானோர் போகிறார்கள், வருகிறார்கள். அந்த ஒருநாளை வைத்து எல்லாச் சாவடியும் தேவையற்றது என்று தீர்ப்புச் சொல்லிவிட முடியாது என்பதை ஏற்கிறேன். குண்டுவெடிப்புகளில் இஸ்ரேலியர்கள் நூற்றுக்கணக்கில் செத்த காலம் அது. ஆனால் நாப்லுஸ் மாணவன் தன் வகுப்புக்குப் போவதைத் தடுப்பது அன்றாடம் எடுக்கப்படும் ஒரு முடிவு, மாற்றக்கூடிய முடிவு என்பது அன்று ஐயமறத் தெரிந்தது.

தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்கு என்ன ஆனது? 2006 பிப்ரவரி 18 அன்று புதிய சட்டமன்றம் கூடியபோது ரமல்லாவில் ஒரு பாதி, காஸாவில் ஒரு பாதி, நடுவில் வீடியோ இணைப்பு. காஸா உறுப்பினர்கள் மேற்குக் கரைக்கு வர இஸ்ரேல் அனுமதி தரவில்லை. வாக்காளருக்கு ஒருநாள் திறந்த வழி, அவர் தேர்ந்தெடுத்தவருக்கு மூடியே கிடந்தது. அந்த ஆண்டு ஜூன் முதல் ஹமாஸ் உறுப்பினர்கள் பலர் கைது செய்யப்பட்டார்கள். அதற்கு அடுத்த ஆண்டு ஹமாஸ் கையில் காஸாவும் அப்பாஸ் கையில் ரமல்லாவும் என்று இரண்டும் அரசியலாகவே பிரிந்தன. அதன்பின் சட்டமன்றத் தேர்தல் நடக்கவில்லை. 2021 மே 22-க்கு அறிவிக்கப்பட்ட தேர்தலை, ஏப்ரல் இறுதியில் அப்பாஸ் ஒத்திவைத்தார். கிழக்கு ஜெருசலேமில் வாக்குப்பதிவுக்கு இஸ்ரேல் உறுதி தரவில்லை என்பது அவர் சொன்ன காரணம். தோல்வி பயம் என்று அவரது எதிரிகள் சொன்னார்கள். எதுவாக இருந்தாலும், அந்த ஜெருசலேம் தபால் நிலையங்கள் மறுபடியும் ஒரு தேர்தலின் தலைவிதியாக ஆகிவிட்டன.

2006-இல் முதல்முறையாக வாக்களித்த பதினெட்டு வயதுப் பெண்ணுக்கு இப்போது முப்பத்தெட்டு வயதாகிறது. சட்டமன்றத்துக்கு இன்னொரு முறை வாக்களிக்க அவளுக்கு வாய்ப்பு வரவில்லை. அவள் கடந்துபோகும் சாவடிகளோ பெருகியிருக்கின்றன. 2025-இன் தொடக்கத்தில் ஐ.நா. எடுத்த கணக்கில் மேற்குக் கரையின் தடைகள் 849. அவற்றில் பல, கிராமத்து வழியின் குறுக்கே நிற்கும் மஞ்சள் நிற இரும்புக் கதவுகள். ஆளே இருக்கமாட்டார்கள், பூட்டு மட்டும் தொங்கும். எப்போது திறக்கும் என்று அறிய ஓட்டுநர்கள் ஒருவருக்கொருவர் கைபேசியில் செய்தி அனுப்பிக்கொள்கிறார்கள்.